கிணற்றில் தொங்கும் ராஜகுமாரி

சோறும் சொதியும் மூடி வைத்திருக்கிறேன், சாப்பிடுங்கள். கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு நாலு மணிக்கு வந்துவிடுவேன்.

ஐந்து மணிக்குப் பிள்ளைகள் என்னிடம் கதை கேட்க வருவார்கள். மாடிவீட்டு விஜயஸ்ரீயும் வருகிறாள். "ஆச்சி, தாத்தா பீடிப்புகையில பிள்ளைக்கு மறுபடி இழுப்பு வந்துச்சுன்னா இனி அனுப்ப மாட்டேன்" என்று அவள் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

போன வாரம் பீடி வாடையை மறைக்கிறேன் என்று சாம்பிராணி வேறு போட்டீர்கள். இரண்டு புகையும் சேர்ந்து இழுப்பு வந்து, பாதிக் கதையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ராஜகுமாரி எட்டு நாளாகக் கிணற்றில் தொங்குகிறாள்.

பீடி பிடிக்காமல் முடியாதென்றால் ஆற்றங்கரையில் பிடித்து, முங்கிக் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வாருங்கள்.

சாம்பிராணியை ஒளித்துவிட்டேன். பீடியை ஒளிக்கவில்லை.

இன்னொன்று: கிணற்றில் ஒரு பூதம் உண்டு. ராஜகுமாரியைத் தூக்கிவிட ஒரு ராஜாவும் வருவார். உங்கள் மீசையை யாருக்கு வைப்பதென்று வீட்டுக்குள் நுழைந்ததும் மோந்து பார்த்து முடிவு செய்வேன்.