கிணற்றில் விட்ட படகு

ஜூலை 8, செவ்வாய்

இந்நேரத்துக்கு விளக்கைப் போட்டு எழுதுவதற்குத் தொட்டிலில் கிடக்கிறவள் மன்னிக்க வேண்டும். பகலில் கை ஒழியவில்லை. நாளெல்லாம் காற்று. கொடித் துணியெல்லாம் புழுதி, திரும்ப அலசல். பாப்பாவுக்குப் பல் முளைக்கிறது, உடம்பு லேசான சூடு.

மாநாட்டுக் குழுவிடமிருந்து மெயில். போன வருஷம் கோவையில் வாசித்த கட்டுரை. செம்பட்டிப் பக்கத்துக் கிணறுகளில் உப்பு ஏறியிருப்பது பற்றி. முன்னுரையும் செய்முறையும் இன்னொருவர் கட்டுரையில் அப்படியே இருக்கிறதாம். வெள்ளிக்குள் விளக்கம் வேண்டும். இல்லையென்றால் நீக்கிவிட்டு அறிவிப்புப் போடுவார்கள், மூன்று பேர் பெயரோடும்.

மூன்று பேர்: முதலில் நான், பிறகு துறைத் தலைவர் ஹெச்.ஓ.டி., கடைசியில் ஜெனிபர். கிணறு கிணறாகப் போய் வாளி இறக்கித் தண்ணீர் எடுத்தவள், லேபில் நின்று அளந்தவள், என் மாணவி ஜெனிபர்தான். எங்கள் துறையில் வேலை செய்தவர் பெயர் கடைசி. நானும் ஒரு காலத்தில் கடைசியில் நின்றவள்தான்.

திருடியது நான். எங்கோ ஒரு கழிமுகத்தைப் பற்றி யாரோ எழுதியது. பாப்பா மடியில் பால் குடிக்க, ஒரு கையால் ஊர்ப் பெயரை மாற்றி மாற்றி ஒட்டினேன். கல்லூரிக்கு ஆய்வுக் குழு வருவதற்குள் துறைக் கணக்கில் ஒரு கட்டுரை வேண்டும் என்று ஹெச்.ஓ.டி. அவசரம். ஒரு வரியை மட்டும் மாற்றவில்லை. 'படகில் சென்று நடுநீரில் மாதிரிகள் எடுக்கப்பட்டன.'

போனில் அந்த வரியை இவரிடம் காட்டினேன். சிரித்துவிட்டார். "செம்பட்டியில எந்தக் கிணத்துலடி படகு விட்டீங்க?" என் முகத்தைப் பார்த்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

ஜூலை 9, புதன்

காற்று நிற்கவில்லை. டயப்பர், காய்ச்சல் மருந்து, சின்ன வெங்காயம். வெங்காயம் மறந்துபோனது.

ஹெச்.ஓ.டி. அறை. கதவைச் சாத்தச் சொன்னார். கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. டீ வரவழைத்தார்.

"அந்தப் பிள்ளைதான் டிராஃப்ட் போட்டுச்சுன்னு எழுதிருங்கம்மா. படிச்சு முடிச்சுப் போயிருச்சு. அதுக்கு என்ன ஆகப்போகுது? உங்களுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகலைல்ல."

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஜெ. பிஎச்.டி.க்கு விண்ணப்பித்திருக்கிறாள். அடுத்த வாரம் நேர்முகம். அவளிடம் காட்ட இருப்பது இந்த ஒரே கட்டுரை. இதெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. நான் சொன்னது, "சரி சார், பாக்குறேன்."

டீயையும் குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 10, வியாழன்

காலையில் பாப்பாவுக்குச் சூடு இறங்கிவிட்டது. இட்லியைப் பிசைந்து கொடுத்தால் துப்புகிறாள்.

குழுவுக்கு எழுத உட்கார்ந்தேன். 'மாணவியின் கவனக்குறைவால்' என்று ஆரம்பித்து அழித்தேன். இரண்டாம் முறை அழிக்கவில்லை. அப்படியே வைத்துவிட்டுச் சமைக்கப் போனேன். இதை இங்கேயாவது எழுதிவிட வேண்டும்.

மதியம் ஜெ.யே கூப்பிட்டாள். பின்னால் பஸ் ஸ்டாண்ட் சத்தம், நத்தம் நத்தம் என்று கண்டக்டர். பாப்பா எப்படி இருக்கிறாள், பல் வந்ததா என்று கேட்டாள். பிறகுதான் விஷயம்.

"மேம், ஹெச்.ஓ.டி. சார் வரச் சொன்னாரு. போய் எழுதிக் குடுத்துட்டு வாரேன். நான்தான் காப்பி அடிச்சேன்னு."

கரண்டியோடு அடுப்பை விட்டுக் கூடத்துக்கு வந்தேன்.

"மேமுக்குக் கைப்பிள்ளை இருக்கு, வேலை போயிரும்னு சொன்னாரு. எனக்கு இந்த வருசம் இல்லாட்டி அடுத்த வருசம் பாத்துக்கலாம் மேம். நீங்க ஒன்னும் மனசுல வச்சுக்காதீங்க."

குரலில் குத்தல் இல்லை. ஒரு துளி இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். படகு வரியை அவள் அன்றே பார்த்தாளாம். மேடம் எழுதியதில் தப்புச் சொன்னால் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டாளாம். அதனால் தன் மேலும் தப்பு இருக்கிறதாம். என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

பஸ் வந்துவிட்டது என்று வைத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. அடுப்பில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

ஜூலை 11, வெள்ளி

லீவு போட்டேன். காற்று, வெயில் இரண்டும்.

நேற்றையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதியதை இவரிடம் வாசித்துக் காட்டினேன். "வேலை போனா?" என்றேன். "போனாப் பாக்கலாம். அந்தப் புள்ள மேல போட்டுட்டு நீ எப்படி சோறு திம்பே?" நேற்று தின்றேனே என்று சொல்லவில்லை.

குழுவுக்கு அனுப்பியாயிற்று. நகலெடுத்தது நான் மட்டும். மாணவியின் அளவுகள் உண்மையானவை. அவள் எழுதித் தந்த கடிதம் வந்தால் ஏற்க வேண்டாம். கட்டுரையை நீக்கிவிடுங்கள். ஹெச்.ஓ.டி.க்கும் ஒரு பிரதி. அவரிடமிருந்து மூன்று மிஸ்டுகால். எடுக்கவில்லை.

ஜெ.யின் போன் அணைந்திருக்கிறது. வாட்ஸப்பில் போட்டதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

'ஜெனிபர், தப்பு முழுக்க என்னுடையது. மாநாட்டுக் குழுவுக்கு அப்படியே எழுதிவிட்டேன். சாரிடம் கொடுத்த கடிதத்தைத் திரும்பக் கேள், தரவில்லையென்றால் நான் வருகிறேன். நேர்முகத்தில் கேட்டால் நடந்ததைச் சொல், என் நம்பரைக் கொடு. நேற்று போனில் தடுக்காமல் இருந்துவிட்டேன், அதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எந்நேரமானாலும் சரி, பார்த்ததும் பதில் போடும்மா.'