கயிறு யார் கையில்?

12 பிப். 1946, செவ்வாய்
காலையிலிருந்து காற்று. வாயெல்லாம் மண். வாசகசாலைக் கையெழுத்துப் பத்திரிகைக்குக் கவிதை பொறுக்கும் வேலை என் தலையில். நிலா மூன்று, குயில் இரண்டு. தள்ளுபடி. ஒன்று மட்டும் பிடித்தது. எழுதியவன் சந்தியாகு, திரேஸ்புரத்தில் சங்கு குளிப்பவன். கடைசி வரிகள்:

மூச்சை உன்னிடம் வைத்துவிட்டு இறங்குகிறேன்.
கயிறு உன் அண்ணன் கையில்.

‘நீ’ பாரதத் தாய். கயிறு அடிமைத்தளை. சரி, அண்ணன்? வெள்ளைக்காரனைத் தாய்க்கு அண்ணனாக்கினால் அடிக்க வருவார்கள்.

13, புதன்
மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. வீட்டுக்கார உபதேசியாரிடம் கவிதையைக் காட்டினேன். “கயிறுன்னா விசுவாசம், அண்ணன்னா கர்த்தர். இதுல என்னம்மா சந்தேகம்?” பள்ளித் தமிழ் ஐயாவுக்கோ அது தூக்குக்கயிறு. “போட்டீங்கன்னா போலீசு வரும்.” ஆளுக்கொரு கயிறு. எனக்கு ஒரே குஷி.

14, வியாழன்
நல்ல படி எடுக்க பிலோமினாவிடம் கொடுத்தேன். இரண்டாம் வகுப்பு டீச்சர், திரேஸ்புரத்துக்காரி, கையெழுத்து முத்து. என் பாரதத் தாய் விளக்கத்தையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

“உங்க ஊரு சாத்தான்குளத்துல கடல் இல்லல்லா, அதான். கடல்ல முங்குதவன் கயித்த, வள்ளத்துல நின்னு பொண்டாட்டிகூடப் பிறந்தவன்தான் பிடிப்பான் டீச்சர். தங்கச்சி தாலியறுக்க விடுவானா?”

“சந்தியாகுக்குக் கல்யாணம் ஆயிட்டா?”

“இல்லியே...”

சிரிப்பு நின்றது. அவள் அண்ணன் அந்தோணியும் சந்தியாகுவும் ஒரே வள்ளம். தாளை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அது கவிதை மட்டுமில்லை, பெண் கேட்டிருக்கிறான்.

15, வெள்ளி
பிலோமினா பள்ளிக்கு வரவில்லை. பயமாக இருக்கிறது. பத்திரிகையில் வந்தால் திரேஸ்புரமே வாசிக்கும். போடாவிட்டால் அவன் கேட்டதற்குப் பதிலே இல்லை. தாயும் தளையும் என்று உளறிக்கொண்டிருந்தேனே! கூடவே கொஞ்சம் பொறாமை. என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

இருமலுக்குச் சுக்கு வாங்கணும்.

16, சனி
காற்று அடங்கிவிட்டது. வள்ளங்கள் போன பிறகு பிலோமினா வந்தாள். கண் வீங்கியிருந்தது. படி எடுத்த தாளை நீட்டினாள். ஓர் எழுத்து மாறவில்லை.

“போடவா வேண்டாமா பிலோமினா? உனக்கு இஷ்டமில்லன்னா கிழிச்சிருதேன்.”

“போடுங்க டீச்சர்.”

“அண்ணன் வாசிச்சா?”

“ராத்திரியே வாசிச்சிட்டான். இன்னைக்கு அவன்தான் கயிறு பிடிக்கான்.”