கரியா, காஸா?

மே 12, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. குன்னூர் முழுக்க சீசன் கூட்டம், பஸ் நகரவில்லை. எஸ்டேட் ஆபீசுக்கு இருபது நிமிஷம் லேட்.

மத்தியானம் சுதா போன். தம்பி மனைவி. ஞாயிறு கோவையிலிருந்து எல்லோரும் வருகிறார்களாம். தம்பியுமா என்று கேட்டேன். "அவரேதானுங்க அண்ணி போலாம்னாரு." நாலு வருஷம் கழித்து. அதற்குப் பிறகு ஆபீசில் ஒரு வேலையும் ஓடவில்லை.

பிள்ளைகளுக்கு பார்பிக்யூ வேண்டுமாம்.

மே 13, புதன்

வீட்டுக்காரருக்கு ஒரே குஷி. கொல்லையில் முட்டைக்கோஸ் போட்டிருந்த இடத்தைச் சுத்தம் செய்கிறார். கரி வாங்கலாம் என்றார். காஸ் என்றேன். ஏன் என்றார். ஏன் என்று கேட்கிறார் மனுஷன்.

கீழ்வீட்டு பிரபா ஹோம்ஸ்டே நடத்துகிறாள். அவளிடம் இரண்டு அடுப்பும் உண்டு. காஸ் அடுப்பைக் கேட்டேன். தருகிறாளாம், ஆனால் கேலி. "காஸுல சுட்டா அதுக்குப் பேரு பார்பிக்யூவாங்க? தோசைக்கல்லுல கோழியப் போட்ட மாதிரிதான் இருக்கும்."

இருக்கட்டும். காஸ்: திருகினால் எரியும், திருகினால் அணையும். மழை வந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளலாம். கை கறுக்காது. எல்லாவற்றையும்விட, அது கரி இல்லை.

கரி: ருசி. அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

மே 14, வியாழன்

மூடுபனி. எதிர்வீடு தெரியவில்லை. தூக்கம் சரியில்லை, தலைவலி.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். நாலு வருஷம் முந்தி, அந்த டிசம்பரில் அப்பா குளிர் தாங்கவில்லை என்றார். கணப்பு வைக்கச் சொன்னார். இந்த மலையில் யார் வைக்கவில்லை? சட்டியில் கரியைக் கனிய வைத்து அவர் அறையில் கொண்டு வைத்தேன். ஜன்னலைச் சாத்தியதும் நான்தான். காலையில் காபியோடு போனபோது அப்பா இல்லை. டாக்டர் மாரடைப்பு என்றார், கரியின் நச்சுக்காற்றாகவும் இருக்கலாம் என்றார். தம்பி காதில் இரண்டாவதுதான் விழுந்தது. சொந்தபந்தம் அத்தனை பேரும் நிற்கும்போது, "கரியப் போட்டு அடைச்சு அப்பாவக் கொன்னுட்டியேக்கா" என்றான். அதோடு பேச்சு நின்றது.

ஞாயிறு அவன் வரும்போது என் வீட்டில் ஒரு துண்டு கரி அவன் கண்ணில் படக் கூடாது. பட்டால் அப்படியே திரும்பிப் போய்விடுவான். இதைக்கூட வீட்டுக்காரருக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. தலையைச் சொறிந்தார். காஸே இருக்கட்டும் என்றார்.

மே 15, வெள்ளி

வாங்க: மிளகு, தயிர், எலுமிச்சை, குத்திச் சுடக் கம்பி, சோளம். தேங்காய் எண்ணெய் தீரப்போகிறது.

சிலிண்டர் ஒன்று காலி, ஒன்று பாதி. பாதி போதுமா? தூக்கிப் பார்த்தேன். சமையலை முடித்துவிட்டு மறுபடி தூக்கிப் பார்த்தேன்.

பிரபா அடுப்பையும் டியூபையும் கொண்டுவந்து மாட்டிக் காட்டினாள். நீலமாக, சத்தமில்லாமல் எரிந்தது. நல்ல பிள்ளை, இந்த அடுப்பு.

அப்பா அறையில் அவர்களைப் படுக்க வைப்பதா? பூட்டினேன். திறந்து பெட்ஷீட் மாற்றினேன். திரும்பவும் பூட்டினேன்.

மே 16, சனி

மளிகைக் கடைக்காரருக்கு மெசேஜ். பக்கத்துக் கடையில் ஆட்டுக்கறி வாங்கி, சாமானோடு ஆட்டோவில் அனுப்பிவிடுவார். எப்போதும் நடப்பதுதான். தமிழில் அடிக்கச் சோம்பல். இங்கிலீஷ் எழுத்தில் கே, ஏ, ஆர், ஐ. மூன்று கிலோ, ஞாயிறு ஒன்பது மணி. கட்டைவிரல் படம் அனுப்பினார்.

வேறு வேலையில்லை. வீட்டை இரண்டு தரம் துடைத்தேன்.

மே 17, ஞாயிறு

நல்ல வெயில். ஒன்பது மணிக்கு ஆட்டோ. கறி இல்லை, கரி. மூன்று கிலோ மூட்டை. கடைக்காரருக்குப் போன் போட்டால், சீசனில் ஹோம்ஸ்டேக்காரர்கள் கேட்பதெல்லாம் கரிதான், நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன் என்கிறார். ஆட்டோக்காரர் அதற்குள் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். தம்பியின் கார் உள்ளே வருகிறது. மூட்டையை முந்தானையால் மறைக்கப் பார்த்தேன். பைத்தியக்காரி.

இளைத்திருக்கிறான். காதோரம் நரை. மூட்டையைப் பார்த்தான்.

"கரியாக்கா?"

நாலு வருஷத்தில் முதல் வார்த்தை. கறி கேட்டேன், கரி வந்துவிட்டது என்று உளறினேன். சிரிக்கவில்லை. திரும்பிப் போகவும் இல்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேராகக் கொல்லைக்குப் போனான்.

வீட்டுக்காரர் சுதாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கறி வாங்கப் போனார். தம்பி செங்கல் அடுக்கிக் கரியைப் பற்றவைத்தான். காஸ் இருக்கிறதே என்றேன். இருக்கட்டும் என்றான். அட்டையால் விசிறிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அன்னைக்குச் சாயங்காலம் அப்பா எனக்குப் போன் பண்ணுனாருக்கா. குளிரு தாங்கல, வந்து கூட்டிட்டுப் போடான்னாரு. லீவு இல்லீங்கப்பா, அக்காளக் கணப்பு வெக்கச் சொல்லுங்க, ஜன்னலெல்லாம் நல்லா சாத்திக்குங்கன்னு நாந்தான் சொன்னேன்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான். உடம்பெல்லாம் கோபம். நாலு வருஷம் நான் கொலைகாரியாக இருந்திருக்கிறேன். ஊர் முன்னால் என்னைச் சொன்னவன், தன்னுடையதைக் கொல்லையில் என் ஒருத்தியிடம் சொல்கிறான்.

"மேட்டுப்பாளையத்துல பெரியம்மா ஊடு எறங்கற வழிதான். அன்னைக்கு நீ சொன்னதக் கேட்டுட்டு நின்னவங்க. அவங்ககிட்டச் சொல்லிட்டுப் போ" என்றேன்.

கரியைக் கிளறினான்.

கறி வந்தது, சுட்டோம். கரியில்தான் ருசி. ஒத்துக்கொள்ள எரிச்சலாக இருந்தது. இரண்டு துண்டுக்கு மேல் இறங்கவில்லை. பிள்ளைகள் எல்லாவற்றையும் காலி செய்தன.

மே 18, திங்கள்

ஆறு மணிக்கே கிளம்பிவிட்டார்கள், கூட்டத்துக்கு முன்னால் மலை இறங்க. பெரியம்மாவிடம் சொல்வாயா என்று நான் கேட்கவில்லை.

ஆபீசுக்கு லீவு. கம்பிகளைத் தேய்த்தேன். பால் வாங்க மறந்துவிட்டேன். பிரபாவின் அடுப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஏழு மணி. பர்லியார் தாண்டியிருப்பான். ஏழரை. மேட்டுப்பாளையத்தில் நிறுத்தாமல் போயிருப்பான். அவன் குணம் எனக்குத் தெரியாதா? போனைக் கவிழ்த்து வைத்தேன். நிமிர்த்தி வைத்தேன்.

எட்டேகாலுக்கு அடித்தது. பெரியம்மா. நாலு வருஷமாக என் நம்பரைத் தொடாதவர். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினார்.

"உன்ற தம்பி இங்கதான் உக்காந்திருக்கான் கண்ணு. எல்லாஞ் சொல்லிப்போட்டான். நீ சாப்ட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். இன்னும் பல்லே விளக்கவில்லை.