பந்தய வேலியோரம் கூப்பிட்ட பெயர்

ஜோகூர் பாரு,
டிசம்பர் 1975

அன்புள்ள ஹபீபாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா? பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இந்த வருடத்தின் கடைசி கார்ப் பந்தயம் நடந்தது. முதலாளி வேலியோரம் கடை போட்டார். நான்தான் தேநீர் ஆற்றினேன். ஆளாளுக்குத் தங்கள் ஓட்டுநரின் பெயரைக் கத்தினார்கள். எனக்கு யாரையும் தெரியாது. கடைசிச் சுற்றில் ஒரு கார் சறுக்கி எங்கள் வேலியில் வந்து மோதியது. என்னையறியாமல் "ஹபீபா!" என்று கத்திவிட்டேன். பயப்படாதே, கையில் கொஞ்சம் வெந்நீர் பட்டது, அவ்வளவுதான்.

ஓட்டுநர் ஜெயகுமார் தமிழர். சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். "யாரு லா அந்த ஹபீபா? என் காடிக்குப் பேரு வச்சிட்டீங்களா?" என்று கேட்டார். இங்கே காரைக் காடி என்பார்கள். நான் தேநீரை நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஊருக்கு வந்திருக்கும் ஜுனைத் திரும்பும்போது நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பு. சட்டி பிடிக்க உன் பழைய சேலையில் ஒரு துண்டும் வை. இங்கே துணி கிடைக்காமலில்லை.

கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது, முடிக்கிறேன். உம்மா முன்னால் உன்னை ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. இங்கே அத்தனை பேர் முன்னால் அழைத்தேன். "என்ன மச்சான்?" என்று கேட்க நீ இல்லை.

முனீர்