ஐஸில் வைத்த பாட்டில்

16-9-87
மலையிலிருந்து செல்லன் தன் மனைவி தைலம்மாளை டோலி கட்டிச் சுமந்து வந்தார். அரிசி கழுவிய தண்ணீராகப் பேதி போகிறது. ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். கிருமிகள் கொசுக்கூட்டமாய்ப் பாய்ந்து திரிகின்றன. காலராதான், சந்தேகமே இல்லை. மருந்தறையில் பிளீச்சிங் பவுடர் மூட்டை கிடக்கிறது. அவர்கள் ஊர்க் கிணற்றில் உடனே போட வேண்டும். சாவி டாக்டர் தெய்வசிகாமணியிடம். கேட்டதற்குச் சொன்னார்:

"லேப் டெக்னீசியன் கண்ணுல பாத்ததெல்லாம் ரிப்போர்ட் ஆவாதும்மா. ஜில்லா லேப்ல கிருமி வளரட்டும், அப்பறம் பாக்கலாம்."

காலரா என்று எழுதினால் மேலிடம் கேள்வி கேட்குமே, அந்தப் பயம். தூ! செல்லன் மருந்தறைப் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

18-9
பஸ் இல்லை. மறியல். கச்சிராயபாளையம் ரோடெல்லாம் புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். இடஒதுக்கீடு கேட்பது நியாயம்தான், நானும் அந்தச் சாதிக்காரிதான். ஆனா தைலம்மாளோட பேதி எடுத்த இந்த பாட்டில் ஜில்லா லேபுக்கு எப்படிடா போவும்? அண்ணன் காசிநாதனிடம் கத்தினேன். மறியலில் முன்னால் நிற்பவனே அவன்தான்.

"குடு, நானே சைக்கிள்ல எடுத்துக்கினு போறேன். என்னை எவன் நிறுத்துவான்?"

கொடுத்தேன்.

22-9
ஜில்லா லேப் ரிப்போர்ட் வந்தது: 'கிருமி வளரவில்லை.' டாக்டர் சிரிக்கிறார்.

வீட்டுக்கு வந்து அண்ணனைக் குடைந்தேன். "வெயிலு ஜாஸ்தி. பாலு மாதிரி கெட்டுடும்னு சோடாக் கடையில ஐஸ் வாங்கி, அதுல வெச்சிக்கினு போனேன். இன்னா தப்பு?"

அடப்பாவி! காலராக் கிருமி குளிர் தாங்காதுடா, செத்துடும்டா!

"நீ சொல்லவே இல்லியே."

சொல்லவில்லை. ஐயோ, சொல்லவில்லையே.

24-9
செல்லனின் மகள் சங்கவி செத்துப்போனாள். ஆறு வயது. அதே கிணற்றுத் தண்ணீர்.

25-9
மலைக்கு நடந்தே போனேன். அதே பேதியில் படுத்திருந்த ஐயப்பனிடமிருந்து புது பாட்டிலில் எடுத்தேன். மறியல் முடிந்துவிட்டது. பஸ்ஸில் பாட்டிலை மடியிலேயே வைத்துக்கொண்டு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். யாரையும் நம்பவில்லை.

28-9
வளர்ந்துவிட்டது. காலரா. டாக்டர் சாவியை மேசைமேல் வைத்தார். எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன், நின்றிருந்தால் கை நீண்டிருக்கும்.

கிணற்றடியில் பவுடரைக் கரைத்தேன். வாளியை இறக்கியபடி செல்லன் கேட்டார்: "மொத பாட்டில்ல இல்லாத கிருமி, இதுல எப்படிம்மா வந்துச்சி?"

"அதுலயும் இருந்துச்சிங்க. ஐஸ் வெக்கக் கூடாதுன்னு சொல்லாம வுட்டுட்டேன். செத்துடுச்சி."

அவர் கயிற்றை விடவில்லை. "நீதான் மொத நாளே கண்ணால பாத்தியே. அந்தப் பூட்ட ஒடச்சிருக்கலாமேம்மா" என்றார்.

தகரப் பூட்டுதான். ஒரு கல் போதும்.