ஒத்த சீட்டு வண்டி

9, புதன்

காலையிலருந்து தூறல். கொட்டாய்ல வண்டி மேல கோணிப்பை நாலு, அதும்மேல யூரியா சாக்க பிரிச்சி தெச்சது. தண்ணி எறங்கல. ஓடு ஒண்ணு மாத்தணும். மண்ணெண்ணெய் தீந்துபோச்சு. செருப்பு வார் அறுந்துது.

கோமதி போயி நாலு மாசம் பதினாறு நாள். இனிமே இதுல கோ.ன்னு தான் எழுதப்போறேன். பொண்டாட்டி பேர முழுசா எழுதுனா அன்னிக்கு அப்புறம் எந்த வேலையும் ஓட மாட்டேங்குது.

வண்டி வந்தது திங்கக்கெழம. டிராக்டர் டிரெய்லர்ல, வைக்கோல் மேல சாச்சி. அம்மா வாசப்படியிலயே நின்னுக்கினு உள்ள வுடல.

"பொண்டாட்டிய வண்டில ஏத்திக்கினு போயி பறிகுடுத்தவன் இன்னொரு வண்டியா வாங்குவான்?"

"இது ஓட்டறதுக்கு இல்லம்மா."

"பின்ன இன்னாத்துக்கு? கற்பூரம் காட்டறதுக்கா?"

எனக்கே தெரியாது.

நடந்தது இதுதான். ஆக்சிடென்ட் கேஸ் காயிதம் ஒண்ணுக்கு நகல் வாங்க கோர்ட்டுக்கு போனேன். வேப்பமரத்தடியில கோர்ட்டு அமீனா ஏலம் போட்டுக்கினு இருந்தாரு. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை கேஸ். அவங்க அப்பா ஐம்பத்தொம்போதுல வாங்கின மோட்டார் சைக்கிள். வாங்கின வாரமே செத்துட்டாரு. எனக்குத்தான் எனக்குத்தான்னு ரெண்டு பேரும் நிக்க, கோர்ட்டு ஜப்தி பண்ணி அரிசி மில் குடோன்ல வெச்சி சீல் போட்டுடுச்சி. இருபத்தெட்டு வருஷம். மீட்டர்ல ஏழு மைல். கடையிலருந்து வூட்டுக்கு ஓட்டிக்கினு வந்தது, அவ்ளோதான். கேஸ் முடியறப்ப அண்ணன் உசுரோட இல்ல. தம்பி ஏலத்துக்கு வந்தாரு, பல்லு ஒண்ணு கூட இல்ல, சீட்ட ஒரு தட்டு தட்டிட்டு பஸ்ஸுக்கு போயிட்டாரு. அமீனா "ஒரு தரம்"னாரு. பாத்தா என் கை மேல இருக்கு. தூக்குனதா ஞாபகம் இல்ல.

10, வியாழன்

டெப்போல பிரேக் லைனிங் வரல, மூணு பஸ் நிக்குது. சூப்பர்வைசர்னு எனக்கு பேரு, நாளெல்லாம் காயிதம் தான். ஸ்டோர் கீப்பர் எல்லார் முன்னாடியும்: "இன்னா சூப்பர்வைசரே, புதுசா ஒண்ண கூட்டியாந்துட்டியாமே. வயசு இருபத்தெட்டாம், கை படாததாம்!" சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் மனுஷன் தானா வந்து டீ வாங்கிக் குடுத்தாரு. மூஞ்சிய பாக்கல.

சாயந்திரம் வண்டிய பாத்தது:
டயர் ரெண்டும் பக்கத்துல வெடிப்பு. காத்து நிக்குது.
பிளக்க கழட்டி சிலிண்டர்ல எண்ணெய் வுட்டேன். ஊறணும்.
வீல் பேரிங் கிரீஸ் சோப்பு மாதிரி கட்டி.
கிளட்ச் பிளேட் ஒட்டிக்கினு இருக்கு.
டேங்க்ல துரு இல்ல. ஆச்சரியம்.
பின் சீட்டு கெடையாது. பின் மட்காட்ல அதுக்கு ஓட்ட கூட போடல.

கடைசி வரிய எழுதிட்டு ரொம்ப நேரம் அதையே பாத்துக்கினு இருந்தேன்.

11, வெள்ளி

பாண்டிச்சேரியிலருந்து ஒருத்தர் வந்தாரு. பழைய வண்டி சேக்கறவராம், ஏலத்த கேள்விப்பட்டு பஸ் ஏறி வந்திருக்காரு. வெள்ள வேட்டிய பாக்காம தரையில படுத்து அடியில எல்லாம் பாத்தாரு.

"ஸ்டார்ட் பண்ணீங்களா?"

"இல்ல."

"பண்ணாதீங்க சார். பண்ணாத வரைக்கும் புதுசு. ஒரு ஒத ஒதச்சி புடிச்சிடுச்சின்னா செகண்ட் ஹேண்ட். அடுத்த வியாழக்கெழம லாரியோட வரேன். அதுவரைக்கும் தொடச்சி கூட வெக்காதீங்க, தூசி அப்படியே இருக்கட்டும்."

சரின்னேன். எடுத்துக்கினு போயிட்டா ஓட்டறதா வேணாமான்ற பேச்சே இல்ல.

12, சனி

பேரிங்குக்கு புது கிரீஸ் வெச்சேன். கிளட்ச்ச பிரிச்சி ஒட்டு வுட வெச்சேன். இஞ்சின் லூஸாயிடுச்சி. கையால கிக்கர அமுக்குனா மூச்சு வுடுது. பிளக்ல நெருப்பு வருது. நீல நெருப்பு. பெட்ரோல் ஊத்துனா புடிச்சிக்கும். ஊத்தல. டேங்க் மூடிய இறுக்கி வெச்சிட்டேன்.

இத எங்கயும் எழுதினது இல்ல. இங்க எழுதறேன்.

போலீஸ்ல நான் சொன்னது: மலையிலருந்து எறங்கறப்ப மாடு குறுக்க வந்துச்சி, பிரேக் போட்டேன், அவ வுழுந்துட்டா.

மாடு வரல. கோ.வுக்கு மல மேல கரியாலூர் ஸ்கூல்ல டீச்சர் வேல. வெள்ளிக்கெழம தோறும் நான் போயி கூட்டியாருவேன். ஆக்சிடென்டுக்கு மொத நாளு என் பழைய வண்டிக்கு செயின் இறுக்கறதுக்காக பின் சக்கரத்து சேலை கார்ட கழட்டுனேன். திருப்பி மாட்டல. ரெண்டு நட்டு. பத்து நிமிஷம் வேல. நேரமாயிடுச்சின்னு போயிட்டேன். மூணாவது வளைவுல முந்தானை சக்கரத்துல சுத்திக்கிச்சி. ஒரு சத்தம் கூட போடல அவ.

நான் டிப்ளமோ மெக்கானிக்கல். பர்ஸ்ட் கிளாஸ்.

13, ஞாயிறு

கச்சிராயபாளையத்துலருந்து அத்தை வந்தாங்க, கோ.வோட அம்மா, கூட வசந்தி. கோ.வோட தங்கச்சி, நாலு வயசு சின்னவ. பலாச்சொளை, ஒரு பை வேர்க்கடல. அம்மா கோழி அடிச்சாங்க.

அத்தை சாப்ட்டு முடிச்சி வெத்தல மடிச்சிக்கினே: "வர்ற அமாவாசைக்கி படையல் போட்டுடலாம் சம்மந்தி. பூவும் பொட்டுமா போனவ, பூவாடைக்காரியா சாமி ஆயிட்டா. புதுப்புடவை வெச்சி படைக்கணும். படைச்ச புடவைய வசந்தியே கட்டிக்கட்டும்."

அம்மா: "கட்டிக்கட்டும். அப்படியே கையோட ஒரு நல்ல நாளும் பாத்துடலாம். என் புள்ளையும் எவ்ளோ நாளிக்கி இப்படி கெடப்பான்?"

"நானும் அதத்தான் நெனச்சன்."

ரெண்டு பேரும் என்ன பாக்கல. நான் கோழி எலும்ப பாத்துக்கினு இருந்தேன். அம்மா சிரிச்சிக்கினே, "வண்டி கூட ரெடியா கீது. பின்னாடி சீட்டு ஒண்ணு அடிச்சிட்டா போச்சி, டெப்போல ஆளா இல்ல?"ன்னாங்க. அப்பத்தான் தெரிஞ்சிது, நான் ஏன் கைய தூக்குனேன்னு. யாரும் பின்னாடி ஏற முடியாத வண்டி.

கொட்டாய்ல நின்னுக்கினு இருந்தேன். வசந்தி தண்ணி எடுத்துக்கினு வந்துச்சி. சொம்ப குடுத்துட்டு போவல.

"மாமா, அந்த மாடு இன்னா கலர்?"

"எந்த மாடு?"

"அக்காவ தள்ளுன மாடு."

"கருப்பு."

"அன்னிக்கி எங்கம்மாகிட்ட செவலன்னு சொன்னீங்க."

சொம்ப வாங்கிக்கினு போயிடுச்சி. கொட்டாய் மூலைல மண்ணெண்ணெய் டின்னுக்கு பின்னாடி அந்த சேலை கார்டு இன்னும் இருக்கு. நட்டு ரெண்டும் கிரீஸ் டப்பா மூடியில. சாவு வூட்டன்னிக்கி வசந்தி வெளக்குக்கு எண்ணெய் எடுக்க இந்த டின்னத்தான் தொட்டுச்சி, கார்ட பாத்திருக்கும். இப்ப ஞாபகம் வருது.

16, புதன்

ரெண்டு நாளா எழுதல. தூக்கம் இல்ல, பல்லு வலி வேற.

நாளையிலருந்து எடஒதுக்கீட்டுக்கு சாலை மறியல். ஒரு வாரம்ன்றாங்க. டெப்போல பஸ்ஸெல்லாம் உள்ள ஏத்தி நிறுத்தியாச்சு. டிரைவருங்க ரெண்டு கட்சியா நின்னு பேசறாங்க. "நம்ம புள்ளைங்க படிச்சிட்டு ஆடு மேய்க்குது, கேக்காம இன்னா பண்றது?"ன்னு ஒருத்தரு. "கேளு, என் பஸ் கண்ணாடிய ஏன் கேக்கற?"ன்னு இன்னொருத்தரு.

பாண்டிச்சேரிக்காரரு எப்படி வருவாரு?

18, வெள்ளி

லாரி வரல. சேலம் ரோட்டுல புளியமரம் பத்து பதினஞ்சு சாஞ்சிருக்கு. எங்கயோ டயர் எரியற நாத்தம் வூட்டுக்குள்ளயே வருது. போலீஸ் வேன் ரெண்டு தரம் போச்சு. தெருவுல வயசுப் பசங்க ஒருத்தனும் இல்ல, கரும்பு கொல்லிக்கி ஓடிட்டானுங்க. துப்பாக்கி சத்தம் கேட்டுச்சின்னு பக்கத்து வூட்டுல சொன்னாங்க. லாரி டயர் வெடிச்சதுன்னு இன்னொருத்தரு.

பால் இல்ல. வரக்காப்பி.

அமாவாசை செவ்வாக்கெழம. பஸ் இல்லன்னா படையல் நிக்கும்னு நெனச்சேன். நெனச்சதுக்கு அசிங்கமா இருந்துச்சி. அம்மா, "நடந்தாவது போயி ஆவணும், பூவாடைக்காரிக்கி சாக்கு சொல்லக் கூடாது"ன்னுட்டாங்க.

19, சனி

மத்தியானம் கச்சிராயபாளையத்துலருந்து ஒரு ஆளு, அத்தை வூட்டுக்கு பக்கத்து காட்டுக்காரரு. சைக்கிள மரத்துக்கு மரம் தூக்கிக்கினு வந்திருக்காரு. முழங்கால் எல்லாம் செராப்பு.

"உங்க மாமியார் சொல்லி அனுப்புச்சி. புடவை எடுத்தாச்சாம். அரக்கு கலர். வசந்திக்கி ரவிக்கை தெக்கணுமாம், பெரிய பொண்ணு ரவிக்கை ஒண்ணு அளவுக்கு வேணுமாம். ரெண்டு பேருக்கும் ஒரே அளவு தானாம்."

அம்மா டிரங்க் பொட்டிய தொறந்தாங்க. நாலு மாசமா யாரும் தொறக்கல. கோ. வாசன வந்துச்சி. பச்ச ரவிக்கை. கக்கத்துல சாயம் வெளுத்தது. நேத்து அவுத்து வெச்ச மாதிரி.

"குடும்மா. நானே எடுத்துக்கினு போறேன்."

"எதுலடா?"

கொட்டாய்க்கு போனேன்.

20, ஞாயிறு

வெடிகாலையில டெப்போ கேன்ல இருந்த பெட்ரோல வடிகட்டி ஊத்தினேன். தூசிய தொடைக்கல. கொட்டாய்க்குள்ளயே ஒதச்சேன். ஆறாவது ஒதைக்கி புடிச்சிக்கிச்சி. வெள்ளப்புக கொட்டாய் முழுக்க. அம்மா ஓடியாந்து கதவ புடிச்சிக்கினு கத்தறாங்க: "நம்பர் கூட இல்லாத வண்டிடா! புடிச்சிக்கினு போயிடுவான்டா!" நான் எறங்கல. எறங்குனா திரும்ப ஏற மாட்டேன்னு தெரியும்.

பயந்தது: டயர். பிரேக். போலீஸ். கல்லு. இதெல்லாம் கூட இல்ல. பின் சக்கரம். பின்னாடி யாரும் இல்ல, உக்கார எடமும் இல்ல, இருந்தாலும் பத்தடிக்கி ஒரு தரம் திரும்பி சக்கரத்த பாத்தேன். ரெண்டாவது கியருக்கு மேல போவல.

மொத மரத்தாண்ட இருபது பேரு. தலையில துண்டு.

"யாருய்யா நீ? போலீஸா?"

"டெப்போ. கச்சிராயபாளையத்து மாப்ள."

"மறியல்ல கூட மாமியா வூட்டு சோறு கேக்குதாடா உனக்கு?"

"ண்ணா, வண்டிய பாருண்ணா, எங்க தாத்தன் காலத்துது!"

"டேய், நின்னுக்கினு கதையா பேசற? தூக்குங்கடா மாப்ளைய!"

எட்டு பேரு தூக்குனாங்க. மரத்து மேல ஏறி அந்தப் பக்கம் எறக்குனாங்க. "இன்னாடா இந்த கனம், மாசமா இருக்குதா வண்டி?" அப்படி ஆறு மரம். ஓட்டினது பாதி, தூக்கினது பாதி. கடைசி மரத்தாண்ட ஒரு பெரியவர் மட்டும் மெதுவா சொன்னாரு: "பாலத்தாண்ட போலீஸ் நிக்குது. கரும்பு கொல்லி வழியா போ. வரும்போது இந்தப் பக்கம் வராத." ரவிக்கை சட்டைக்குள்ள வெச்சிருந்தேன். நெஞ்சுல ஈரமா ஒட்டிக்கிச்சி.

அத்தை வாசல்ல கடல ஒடச்சிக்கினு இருந்தாங்க. வண்டிய பாத்து எழுந்தாங்க. "வாங்க மாப்ள, ஏன் இந்த கலவரத்துல..."

உக்காரல. நின்னுக்கினே சொன்னேன். மாடு இல்ல. கார்ட கழட்டுனது நான். மாட்டாதது நான். ரெண்டு நட்டு. மூணாவது வளைவு. சத்தம் போடல. அவ்ளோதான் சொல்ல இருந்துச்சி, ஒரு நிமிஷத்துல முடிஞ்சிபோச்சி. நாலு மாசமா இது ரொம்ப பெருசுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.

அத்தை திரும்ப உக்காந்து பத்து கடல ஒடச்சிருப்பாங்க. பருப்பையும் தோலையும் ஒரே மொறத்துல போட்டாங்க.

அப்புறம்: "இது வசந்தி காதுல வுழ வேணாம். சின்னப் பொண்ணு. தாங்காது."

வசந்தி அவங்களுக்கு பின்னாடி நெலப்படியில நின்னுக்கினு இருந்துச்சி. எல்லாத்தையும் கேட்டுச்சி. நான் ரவிக்கைய நீட்டுனேன். அது வந்து வாங்கிக்கினு, மடிச்சி, உள்ள போயிடுச்சி.

நான் வண்டியாண்ட திரும்புனேன்.

"அத இங்கயே வுட்டுட்டு நட"ன்னாங்க அத்தை.

கோவமா, எனக்கும் ஏதாச்சும் ஆயிடும்ன்ற பயமா, தெரியல. சாவிய நடையில வெச்சிட்டு நடந்தேன். பத்து மைல் சொச்சம். கால்ல ரெண்டு கொப்புளம்.

21, திங்கள்

அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். அடுப்பு மேல சோறு தீஞ்சிது. யாரும் எறக்கல.

போஸ்ட் கார்டு எழுதணும் பாண்டிச்சேரிக்காரருக்கு: ஓட்டியாச்சு, இனிமே உங்களுக்கு வேண்டியிருக்காது.

படையலுக்கு கூப்புடுவாங்களா? கூப்புடலன்னா அது நியாயம். கூப்புட்டா இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு போறது? ரெண்டுக்கும் பயமா இருக்கு. போன வாரம் பூரா வேற பயம்.

22, செவ்வாய், அமாவாசை

விடியறதுக்குள்ள குளிச்சிட்டு வேட்டி கட்டிக்கினு உக்காந்துட்டேன். ஏழு மணிக்கி அந்த காட்டுக்காரரு சைக்கிள்ள.

"உங்க மாமியார் வரச் சொன்னாங்க. நடந்து வரணுமாம்."

"வேற?"

"புடவைய யாரும் கட்டப் போறதில்லயாம், பூவாடைக்காரிகிட்டயே இருக்கட்டும்னு வசந்தி சொல்லிடுச்சி. அதுக்கு வூட்டுல பெரிய சண்ட. நான் அந்தப் பக்கமே போவல." ஒரு மடக்கு தண்ணி குடிச்சிட்டு, "தேங்கா ரெண்டு எடுத்தாரச் சொன்னாங்க. அங்க கடையெல்லாம் மூடிக்கெடக்கு"ன்னாரு.

இங்கயும் கடை இல்ல. பக்கத்து வூட்டுல கேக்கணும்.