ருசியில்லாத தண்ணீர்

பொன்னுத்தாயிக்கு, கோயம்புத்தூரிலிருந்து உன் வீட்டுக்காரன் சண்முகவேல் சொல்லச் சொல்ல, விடுதிச் சமையல்காரர் ராஜகுரு எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உன் முட்டுவலி எப்படி இருக்கிறது?

கல்லூரியில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி வைத்துவிட்டு, வகுப்பில் பின்னால் நின்று கேட்பேன். எல்லாமே கண்ணுக்குத் தெரியாத அணுக்கள்தானாம். நேற்று வாத்தியார் ஒரு வாயுவை எரித்து, மேலே கண்ணாடியைப் பிடித்தார். அதில் முத்து முத்தாக நீர் பூத்தது. அந்த வாயுவின் அணுக்களும் காற்றிலுள்ள இன்னொரு வாயுவின் அணுக்களும் சேர்ந்து தண்ணீராகிவிட்டனவாம். கிணறு வெட்டினால் முதல் ஊற்றை நாக்கில் வைத்துப் பார்ப்போமே, அந்தப் பழக்கத்தில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டேன்.

"பெரியவரே, இங்க எதையும் வாயில வைக்கக்கூடாது!" என்று வாத்தியார் பதறினார்.

"புதுத் தண்ணியாச்சே சாமி."

"கரிக்குதா தாத்தா?" என்று மாணவர்கள் சிரித்தார்கள்.

"ருசியே இல்லப்பா. எங்க திருச்சுழிப் பக்கத்துத் தண்ணிதான் கரிக்கும்."

நம் ஊர்த் தண்ணீரில் உப்பு கலந்திருக்கிறது, காய்ச்சினால் உப்பு தனியே நின்றுவிடும், ஆனால் சேர்ந்து தண்ணீரான அணுக்களைப் பிரிப்பது லேசில்லை என்றார் வாத்தியார்.

இந்த ஊர்த் தண்ணீரை எல்லோரும் இனிப்பு என்கிறார்கள். எனக்கு இறங்கவில்லை. ஒரு கல் உப்புப் போட்டுக் குடிக்கிறேன்.

எனக்குக் கொடுத்திருக்கும் அறையில் இரண்டு பேர் படுக்கலாம். நம் கிணற்றில் தண்ணீர் இருக்கும்வரை வரமாட்டேன் என்றாய். ராஜகுருவுக்கு உலை கொதித்துவிட்டது, நிறுத்துகிறேன். வாளிக் கயிறு இப்போது எவ்வளவு இறங்குகிறது என்று யாரிடமாவது எழுதச் சொல். கிணறு வற்றக் கூடாதென்றுதான் கும்பிடுகிறேன். ஆனாலும் எழுதச் சொல்.